தீபாவளி கழிந்து வரும் நோய்கள்

மருத்துவமனையின் காப்பீட்டு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குக் கணினியை யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். எந்த நிறுவனத்துக்கு எந்தப் படிவம், எந்தப் பரிசோதனை முடிவை எங்கே ஏற்றுவது என்பதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அவை எல்லாம் மாறியும்விட்டன. மாறாத ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டாக்டர் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பார். காப்பீட்டு நிறுவனம் எப்போதிலிருந்து வலிக்கிறது என்று கேட்கும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் போட்ட நாற்காலியில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எனக்கு எதையும் ஆண்டு, மாதம், கிழமையோடு சொல்லித்தான் பழக்கம். ஊரில் எந்தத் தெருவுக்கு எப்போது குழாய் வந்தது என்பதைக்கூடக் குறித்து வைக்கிறவன் நான். இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். ஆண்டைச் சொன்னால் கம்பெனி தெரிந்துவிடும். கம்பெனி தெரிந்தால் ஃபோர்மேன் தெரிந்துவிடுவார். அவர் இன்னும் வேலையில் இருக்கிறார்.

தமிழ்நாட்டுச் சுவர்களில் தொங்கும் காலண்டர்களில் பெரும்பகுதி நம் சிவகாசிப் பக்கத்தில்தான் அச்சாகிறது. அவற்றில் ஆண்டு ஜனவரியிலோ சித்திரையிலோ பிறக்கிறது. அச்சடிக்கிற பக்கத்தில் அப்படி இல்லை. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் மூடிக்கிடக்கும். பிறகு கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டுத் திறப்பார்கள். அன்றுதான் இங்கே ஆண்டு பிறக்கிறது. மூடிக்கிடக்கும் அந்தச் சில வாரங்கள் எந்த ஆண்டிலும் சேராதவை. காதுகுத்து, கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு, பல் பிடுங்குவது, கண்புரை, குடலிறக்கம், கர்ப்பப்பை அறுவைகள் எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடந்து முடிந்தாக வேண்டும். அரசர்கள் மழை ஓய்ந்த பிறகே படை கிளம்பினார்கள் என்று வரலாற்று நூல்களில் படிக்கிறோம். சிவகாசியிலும் ஏழாயிரம்பண்ணையிலும் நோய்கள் அப்படித்தான் கிளம்பும். ஆனியில் வந்த நோயாக இருந்தாலும் சரி, தீபாவளி வரை காத்திருக்கும். காத்திருக்க மறுக்கும் நோய்களைப் பற்றி எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவை எங்கள் மேசை வரை வந்ததில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரியும். சென்னையில் காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து அறுவைகளுக்கு முன் அனுமதி கொடுக்கிறவருக்குத் தெரியாது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி தன் தொழிலாளர்கள் எல்லோரையும் சேர்த்து ஒரு குழுக் காப்பீடு எடுத்திருந்தது. அந்தத் தீபாவளி கழிந்த வாரம் அவர்களில் பலர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் முன் அனுமதி கேட்டு அனுப்பினேன். அடுத்த நாள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு டாக்டர் தொலைபேசியில் அழைத்தார். இளம் குரல், மிகவும் மரியாதையான குரல். உங்களுக்கு வரும் கெட்ட செய்திகள் எல்லாம் அந்தக் குரலில்தான் வரும்.

"சார், ஒரே கம்பெனி, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வாரம். இவ்வளவு பேருக்கா?"

"தீபாவளி முடிஞ்சிருச்சுல்ல டாக்டர்."

"தீபாவளிக்கும் குடலிறக்கத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சம்பந்தத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நேரில் சரிபார்த்த பிறகே அனுமதி கொடுக்க முடியும் என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர் வேலையை ஒப்படைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஃபோன்ல அந்தப் பக்கம் இருக்கிறவனும் சம்பளக்காரன்தான்." அந்த ஒரு வாக்கியத்தால் என் இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் ஒழுங்காக இருந்தது.

நிறுத்திவைக்கப்பட்டவர்களில் அய்யம்மாளும் ஒருத்தி. பேக்கிங் பகுதியில் பெட்டி ஒட்டுகிற வேலை. பித்தப்பையில் கல். ஆனி மாதம் முதல் தடவை வலி வந்தபோதே எங்கள் சர்ஜன் பார்த்து, உடனே அறுவை செய்ய வேண்டும் என்று எழுதிக்கொடுத்திருந்தார். அவள் தீபாவளி கழிந்து வந்து நின்றாள். கல் எப்போது வேண்டுமானாலும் நழுவிப் பித்தக்குழாயை அடைக்கலாம், அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று சர்ஜன் சொன்னார். கம்பெனி திறந்துவிட்டால் அவள் அடுத்த தீபாவளி வரை திரும்பிப் பார்க்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையிலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். தை கழிந்து ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். தையில் வேலை சூடு பிடித்துவிடும். ஆகவே இந்த மூடிக்கிடக்கும் வாரங்களுக்குள் அனுமதி வர வேண்டும். இல்லாவிட்டால் கல்லோடு இன்னொரு சீசன்.

அவளிடம் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்ட எங்கள் இளம் டாக்டர், அவள் சொன்ன பதிலைச் சுருக்கி "நோயாளி வேலையாக இருந்தார்" என்று குறிப்பில் எழுதிவிட்டார். ஏதோ கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்குச் சொல்வதைப் போல இருந்தது. காப்பீட்டு நிறுவனம் அதைப் பிடித்துக்கொண்டது. வேலையைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்க முடிந்தவருக்கு இன்னும் சில வாரம் இருக்க முடியாதா?

"அவசர கேஸா இருந்தா உடனே கொடுத்துடுவோம் சார்," என்றது அந்த மரியாதையான குரல்.

"அவசரம் ஆகிடக் கூடாதுன்னுதானே டாக்டர் ஆபரேஷன்."

"அவசரம் ஆனா சொல்லுங்க சார். நான் உடனே பார்க்கிறேன்."

அதில் கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே உதவ நினைத்துத்தான் சொன்னார்.

அய்யம்மாள் தினமும் காலை பஸ்ஸில் வந்து என் மேசைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் எழுந்து போவாள். வேலைக்கு வருகிற மாதிரியே வந்தாள். மதியச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியும் கொண்டுவந்தாள். வீட்டிலேயே இருங்கள், வந்தால் நான் ஃபோன் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நான் கண் முன்னால இருந்தாத்தான் ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும் அண்ணாச்சி."

"எனக்கு ஞாபகம் இருக்கு அய்யம்மா. மெட்ராஸ்லதான் இல்லை."

"அப்ப மெட்ராஸ்ல பெஞ்சு போட்டுக் கெடக்கான்னு கேளுங்க."

அவளோடு முதல் நாள் வந்தவள் அவளுடைய மதினி கோமதி, அவள் கணவனின் அக்காள். அதே கம்பெனிதான். கோமதிக்குக் குடலிறக்கம். இருவரும் ஒரே நாளில் ஒரே டாக்டரைப் பார்த்தார்கள். கோமதிக்கு மறுநாளே அனுமதி வந்துவிட்டது. அறுவை முடிந்து, வீட்டுக்குப் போய், தையல் ஆறி, அய்யம்மாளுக்குத் துணையாகப் பெஞ்சில் வந்து உட்காரும் அளவுக்குத் தேறியும்விட்டாள். எப்படி இவளுக்கு மட்டும் கிடைத்தது என்று அவளிடமே கேட்டேன்.

"எப்ப வந்துச்சுன்னு கேட்டாக. நேத்துத்தான், தண்ணிக் கொடத்தைத் தூக்கையில சுருக்குன்னுச்சுன்னு சொன்னேன்."

"உண்மையில எப்ப?"

"அது கெடக்கு, மாசி மாசம் கோயில் பொங்கல்லேருந்து." சொல்லிவிட்டு நாத்தனார் உரிமையோடு அய்யம்மாள் பக்கம் திரும்பினாள். "இவ இருக்காளே, கேக்குறதுக்கெல்லாம் உள்ளதச் சொல்லிக்கிட்டு. அரிச்சந்திரன் பேத்தி!"

"ஒன்ன மாதிரி டாக்டர்கிட்டயே புளுக எனக்கு வராது மதினி."

"வராட்டி உக்காரு, பெஞ்சு தேயட்டும்."

இதிலிருந்து நீங்கள் தவறான பாடம் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியான பாடம் என்ன என்பது எனக்கும் அப்போது தெரியவில்லை.

சரிபார்க்க வருகிறவர் ஒருவழியாக மதுரையிலிருந்து வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சுப் பையில் இரண்டு பேனா, அளவான பேச்சு. என் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதல் ஆள் அய்யம்மாள்.

"வலி எப்ப வந்துச்சு?"

"ஆனியில."

"அப்பவே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொன்னாரா?"

"சொன்னாரு."

"அப்ப ஏன் பண்ணலை?"

அய்யம்மாள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, சார் எந்த ஊரு?"

"மதுரை."

"அதான்," என்றாள். பிறகு அவருக்கு நிதானமாகச் சொன்னாள். "சீசன்ல எப்படி சார் வர? லோடு ஏத்த லாரி வாசல்ல நிக்கும். ஒரு ஆளு இல்லேன்னா வரிசையே நின்னுபோகும்."

"இத்தனை மாசமும் வலிக்கவே இல்லையா?"

"வலிக்காம? ராத்திரி வலிச்சா முழிச்சுக் கெடப்பேன். பகல்ல வலிச்சா பெட்டி ஒட்டுவேன்."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த பெண்ணைக் கேட்டார். அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி, வைகாசியிலிருந்து. ஏன் வரவில்லை? சீசன். அதற்கடுத்து ஓர் ஆள், மூலம், பங்குனியிலிருந்து. ஏன் வரவில்லை? சீசன். அடுத்தவர், அதற்கடுத்தவர், எல்லோரும் அதே பதில், ஏறக்குறைய அதே வார்த்தைகளில். லாரி வாசலில் நின்றதுகூட எல்லோருடைய பதிலிலும் நின்றது. வந்தவர் பேனாவை மூடினார். கடைசியாக நின்ற ஆளிடம் மிக மென்மையாகக் கேட்டார்.

"இதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"எதை சார்?"

"சீசன்ல வர முடியாதுன்னு."

அந்த ஆள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஃபோர்மேன்."

பேனா மறுபடி திறந்தது. அவர் அதை எழுதுவதை நான் பார்த்தேன். ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. காப்பீட்டு நிறுவனம் அதை எப்படிப் படிக்கும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

"சாப்பிட்டுட்டு வந்து ரிப்போர்ட்டை முடிச்சுடறேன்," என்று அவர் எழுந்தார். எதிரே ஒரு மெஸ் இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தாராம். நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் பில்லிங் பார்க்கும் நண்பர் என் மேசையில் வந்து சாய்ந்தார். அவர் கெட்டிக்காரர். "தப்பு எங்க இருக்குன்னு தெரியுதா? எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அவர் வர்றதுக்குள்ள பிரிச்சுக் குடுங்க. இந்த அம்மா மக கல்யாணம்னு சொல்லட்டும். அவரு மொட்டை போட வேண்டுதல்னு சொல்லட்டும். ஆளுக்கு ஒண்ணு. அப்பத்தான் நம்புவாங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி; நம்பியிருப்பார்கள். ஒரே ஊரில் ஒரே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரே காரணம் இருப்பது சந்தேகத்துக்கு இடம் தருகிறது. வெவ்வேறு பொய்கள் இருந்தால் இயற்கையாக இருக்கும். நான் மறுத்தேன். அதற்கு உயர்ந்த காரணம் எதையும் நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆளுக்கொரு கதையைப் பிரித்துக் கொடுத்தால், யாருக்கு எதைக் கொடுத்தேன் என்பதை நான் பல மாதங்களுக்கு நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குரிய சம்பளம் எனக்கு இல்லை. தவிர, அய்யம்மாள் ஒத்துக்கொள்ள மாட்டாள். மக கல்யாணம் என்று சொல்லச் சொன்னால், மக பத்தாவது படிக்கிறாள் என்று அவரிடமே சொல்லிவிடுவாள்.

வந்தவர் வெகுநேரம் கழித்துத் திரும்பினார். சட்டை கசங்கியிருந்தது. சாப்பிட்டிருக்கவில்லை.

"மெஸ் பூட்டியிருக்கு," என்றார்.

"மெஸ்காரர் இங்க எங்க மாடி வார்டுலதான் இருக்காரு சார். அவருக்கும் மூலம். லாரி டிரைவர்கள் எல்லாம் அவர் கடையிலதான் சாப்பிடுவாங்க. சீசன்ல அடுப்பை அணைக்க முடியாது."

"ஆட்டோ புடிச்சு ஊருக்குள்ள போகலாம்னா ஒரு ஆட்டோ இல்லை."

"காதுகுத்துக்குப் போயிருக்கும்."

"நடந்து போனேன். ஒரு பல் டாக்டர் வாசல்ல ரோடு வரைக்கும் ஆளு நிக்குது. அத்தனை பேரும் கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு. கண் ஆஸ்பத்திரியில டோக்கன் முடிஞ்சுருச்சுன்னு எழுதிப் போட்டிருக்கான். ரெண்டு மண்டபத்துல கல்யாணம். அங்கன ஒரு பந்தியில உக்காரச் சொல்லிக் கூப்பிட்டாங்க." 'அங்கன' என்று அவர் வாயிலும் வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, அன்று முதல்முறையாகக் கையில் பேனா இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "இவங்க யாருமே நடுவுல நோய்ல விழ மாட்டாங்களா சார்? சீசன்ல உங்க வார்டு காலியாவா கெடக்கும்?"

"காலியாத்தான் கெடக்கும் சார். வந்தா ஒரே ஒரு மாதிரி கேஸ்தான் வரும். அதையும் இங்க வச்சுக்க மாட்டோம், மதுரைக்கு அனுப்பிடுவோம். அந்தக் கேஸ்ல எப்போதிலிருந்துன்னு உங்க கம்பெனியும் கேக்கறதில்லை. எல்லாருக்கும் நேரம் தெரிஞ்சிருக்கும். சத்தம் கேட்டிருக்கும்ல."

பெஞ்சில் இருந்த அய்யம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்து, மூடியில் கொஞ்சம் சோற்றைப் போட்டு, அவர் பக்கம் நீட்டினாள். "புளிச்சோறுதான் சார். சாப்பிட்டு எழுதுங்க." அவர் வாங்கிச் சாப்பிட்டார். ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்தார் என்ற வரியை என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. நீங்களும் இம்மாதிரி இடங்களில் கேட்காதீர்கள்.

அவர் நல்லவிதமாகவே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவர் எழுதியதை ஒருவர் படிக்க வேண்டும், படித்ததை இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றாக அனுமதி வந்தது. 'வேலையாக இருந்தார்' என்ற குறிப்பு உடைய அய்யம்மாளுக்கு மட்டும் இன்னொரு கேள்வி, அதற்கு ஒரு பதில், மறுபடி ஒரு கேள்வி. கம்பெனிகளில் வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஒரு காலையில் பெஞ்சிலேயே அவளுக்கு வலி வந்தது. சத்தம் போடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள், கீழே எதையோ தேடுகிறவளைப் போல. கோமதிதான் கத்தினாள். ஊசி போட்டு வலியை அடக்கிவிட்டு சர்ஜன் என்னிடம் வந்தார். "இந்த வாரம் தாண்டக் கூடாது. தாண்டினா நான் பொறுப்பில்லை." நான் சென்னைக்கு ஃபோன் செய்தேன். அந்த மரியாதையான குரலிடம், அவர் சொல்லியிருந்தபடியே, இப்போது அவசரம் ஆகிவிட்டது என்றேன். அவர் பதறிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பூஜைக்கு முந்தைய நாள் மதியம் அனுமதி வந்துவிட்டது.

நானே எழுந்து பெஞ்சுக்குப் போய்ச் சொன்னேன். "அய்யம்மா, வந்துருச்சு. இன்னைக்கே படுக்கை. காலையில முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான்."

அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ரொம்ப நல்லதா போச்சு அண்ணாச்சி. நாளைக்குப் பூஜை. முடிச்சுட்டு, நாளக்கழிச்சு வர்றேன்."

இவளால் ஒரு நாள்கூடத் தாங்க முடியாது என்று நான் ஒரு மாதமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவசரம் என்று அன்று காலைதான் மறுபடியும் சொல்லியிருந்தேன். தொலைபேசியை எடுத்து, நோயாளி ஒரு பூஜைக்குப் போயிருக்கிறார் என்று இப்போது சொன்னால் அந்த மரியாதையான குரல் என்ன நினைக்கும்?

"வலியில சுருண்டு விழுந்து முழுசா ரெண்டு நாள்கூட ஆகலை," என்றேன். "பூஜையில என்ன இருக்கு? சாமி அடுத்த வருஷமும் இருக்கும்."

"சாமிக்கு யாரு போறா?" என்றாள். "இம்புட்டு நாள் மெட்ராஸ்காரக அவுக சோலியப் பாத்தாகள்ல? ஒரு நாள் என் சோலிய நான் பாக்குறேன்."

கோமதிதான் எனக்கு விளக்கினாள். பேக்கிங் கூடத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் உட்கார ஒரு சின்னப் பலகை உண்டு. வீட்டிலிருந்து கொண்டுவருவது. பூஜையன்று காலையில் யார் பலகையை எங்கே போடுகிறார்களோ, அந்தச் சீசன் முழுக்க அதுதான் அவர்கள் இடம். கதவை ஒட்டிய வரிசை எல்லோருக்கும் வேண்டும். காற்று வரும் என்பார்கள். காற்றுக்காக மட்டும் இல்லை என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். ஏதாவது ஆகிவிட்டால் முதலில் வெளியே ஓட முடிகிறவர்கள் கதவோரத்தில் இருப்பவர்கள்தான். அய்யம்மாள் பல சீசன்களாகக் கதவோரம். பூஜையன்று வராதவளுக்கு மிஞ்சுவது மூலை.

ஆகவே அவளும் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். எங்களுடைய கணக்கு ஒரு வாரத்து ஆபத்தைப் பற்றியது. அவளுடையது ஒரு சீசன் முழுவதற்குமானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவளை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"மதினி பலகையைப் போடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஒரு பலகைதான் அண்ணாச்சி. ஆளில்லாத பலகையைத் தூக்கி எறிஞ்சுருவாளுக," என்றாள் கோமதி. "நானே எறிஞ்சிருக்கேன்."

ஃபோர்மேன் எண்ணை வாங்கி அழைத்தேன். விசாரணையில் எழுதப்பட்ட அதே ஃபோர்மேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் வாழைமரம் கட்டும் ஆட்களை அவர் விரட்டிக்கொண்டிருப்பது கேட்டது.

"ஏலே, அந்தப் பக்கம் சாயுது பாரு… சார், நான் என்ன சார் பண்ண? பொம்பளைக சண்டையில தலையக் குடுத்தா நான் முழுசா வெளிய வர முடியாது. மொதலாளி முன்னாடி மயிரைப் புடிச்சுக்கிருவாளுக."

"காப்பீடு கம்பெனிதான கட்டுது? அறுவை நடக்கலைன்னா, சீசன் நடுவுல அவ விழுந்தா, உங்க வரிசைதான் நிக்கும்."

நான் அதுவரை சொன்ன மருத்துவக் காரணங்கள் எதுவும் அவரை அசைக்கவில்லை. வரிசை நிற்கும் என்பது அசைத்தது.

"அவகிட்ட ஃபோனைக் குடுங்க."

அய்யம்மாள் ஃபோனைக் காதில் வைக்கவில்லை. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி போடுங்க அண்ணாச்சி," என்றாள். அந்தப் பொத்தானை அமுக்கினேன்.

"ஏத்தா அய்யம்மா, பலகைய ஒன் மதினிகிட்டக் குடுத்துவிடு. கதவோரத்துல நானே போடுறேன். எவளும் தொட மாட்டா."

"நெசமாவா? பொறவு பேச்சு மாற மாட்டீகளே?"

"சாமி சத்தியமா."

"சாமி மேல எல்லாம் வேண்டாம். மொதலாளி மேல சத்தியம் பண்ணுங்க."

வாழைமரம் கட்டுகிறவர்கள் சிரிப்பது கேட்டது. ஃபோர்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முதலாளி மேல் சத்தியம் செய்தார். பெஞ்சில் இருந்தவர்கள், பில்லிங் நண்பர், நான், எல்லோரும் சாட்சி.

அய்யம்மாள் தூக்குச்சட்டியைக் கோமதியிடம் கொடுத்தாள். "பலகைய அடுப்படியில வலப்பக்கம் சாத்தி வச்சிருக்கேன். பிள்ளைககிட்டக் கேளு. மாத்தி ஒன் பலகையப் போட்டுறாத மதினி."

"அப்படியே போட்டாலும் நீ வந்து என்ன செய்வே? வயித்துல தையலோட?" என்றாள் கோமதி. ஆனால் கிளம்பும்போது அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள்.

நர்ஸ் வந்து அழைத்துப் போனார். அந்த அறுவைக்கு இரண்டு அனுமதிகள் வாங்க வேண்டியிருந்தது. முதலாவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாக இருந்தது. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அந்தக் கடைசி மதியம் வரை எனக்குத் தெரியாது. எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. நோயாளி எப்போதிலிருந்து வலியைத் தாங்குகிறார் என்று கேட்கிறோம். எதை விட்டுவிட்டு இங்கே வந்து படுக்கிறார் என்று கேட்பதில்லை. நீங்கள் கேட்டுப் பாருங்கள். அனுமதி சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் வந்த பிறகு ஆள் இருப்பார்.

மறுநாள் காலை அறுவை நல்லபடியாக முடிந்தது. மதியம் நான் வார்டுக்குப் போனபோது சர்ஜன் அவள் கட்டில் அருகே நின்றார். எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். நோயாளிகள் அதை ஆசையோடு வாங்கிப் பார்ப்பார்கள், உறவினர்களுக்குக் காட்டுவார்கள். நல்ல பெரிய கற்கள். அவருக்கும் கொஞ்சம் பெருமை. அய்யம்மாள் அரைக்கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தாள். பிறகு அதைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சும்மா," என்றார் சர்ஜன்.

நான் கோமதிக்கு ஃபோன் செய்து, பொத்தானை அமுக்கி, அவள் தலையணைப் பக்கத்தில் வைத்தேன். நாதஸ்வரமும் பெண்களின் கூச்சலும் கேட்டன. அதற்கு மேலே கோமதியின் குரல் வந்தது.

"கதவோரம்தான்! ரெண்டாவது ஆளு. ஃபோர்மேன் பக்கத்துலயே காவல் நிக்காரு. நீ கண்ண மூடித் தூங்கு."

அய்யம்மாள் கண்ணை மூடினாள்.